காந்தி தாத்தாவும் துப்பாக்கி போஸ்டரும்

காலேஜ்ல கல்ச்சுரல்ஸ் போஸ்டர் எல்லாம் நான்தான் பண்ணுவேன். அந்தப் பாவம் இன்னும் துரத்துது. போன வாரம் டெக்சாஸ்ல இருக்கற நண்பன் கூப்பிட்டான். தெரிஞ்சவர் ஒருத்தர் துப்பாக்கிப் பயிற்சி வகுப்பு நடத்தறாராம், தற்காப்புக்கு எல்லாரும் துப்பாக்கி வாங்கணும்னு நம்மாளுங்க மனசுல பதியற மாதிரி ஒரு போஸ்டர் வேணுமாம்.

"மச்சி, காந்தி படத்தைப் போடு. துப்பாக்கி சட்டத்தை அவரே திட்டியிருக்கார்டா."

டுபாக்கூர்னு நினைச்சேன். இல்லை மக்களே, நிஜம்தான். இந்தியர்கள் கையில் இருந்த ஆயுதத்தைப் பறிச்சது வெள்ளைக்காரன் செஞ்ச கெடுதல்களிலேயே மோசமானதுங்கற கருத்து சத்திய சோதனையிலேயே இருக்கு. அவர் சொன்னது லிட்டன் பிரபு காலத்து 1878 ஆயுதச் சட்டத்தை. ஆனா எங்கே சொன்னார் தெரியுமா? 1918-ல், முதல் உலகப்போருக்கு குஜராத்தின் கேடா மாவட்டத்துல ஆள் சேர்க்கறப்போ போட்ட துண்டுப் பிரசுரத்துல! அந்தச் சட்டம் போகணும்னா பட்டாளத்துல சேருங்கங்கறதுதான் அடுத்த பேச்சு. ராத்திரி திருடன் வந்தா சுடறதைப் பத்தி அதுல ஒண்ணும் இல்லை. அமெரிக்காவுல போஸ்டர் போடறவங்க முதல் பாதியை மட்டும் வெட்டி எடுத்துக்கறாங்க.

சரி, நம்ம திருவண்ணாமலை சமாச்சாரத்துக்கு வருவோம். 1924-ல் ரமணாசிரமத்துல திருடங்க புகுந்து ரமணரையே தொடையில அடிச்சாங்க. திருப்பி அடிக்கப் போன சீடரை அவர் தடுத்துட்டார். இதை வெச்சு 'துப்பாக்கி வேண்டாம்'னு சூப்பரா ஒரு எதிர் போஸ்டர் பண்ணலாம்னு கை அரிச்சது. ஆனா அப்புறம் போலீஸ் வந்து விசாரிச்சதும் கதையில உண்டு. அதை விட்டுட்டா நானும் அதே கத்தரிதான் :-)

தற்காப்பு போஸ்டர்ல எப்பவும் ஒரே காட்சி. இருட்டு, கதவை உடைக்கற நிழல், கையில துப்பாக்கியோட வீட்டுக்காரர். அந்த ஒரு நிமிஷம் வராத மத்த ராத்திரியெல்லாம் அது எங்க கிடக்கும்? அதை வரையறதில்லை. அமெரிக்காவுல துப்பாக்கியால சாகறவங்கள்ல பாதிக்கு மேல தற்கொலைன்னு அந்த நாட்டு அரசாங்கப் புள்ளிவிவரமே சொல்லுது. அதை எந்த டிசைனர் ஃப்ரேமுக்குள்ள கொண்டு வருவான்?

நண்பனோட பயத்தை நான் கிண்டல் பண்ணலை. அவன் மனைவிக்கு ஆஸ்பத்திரியில நைட் ஷிப்ட், பக்கத்துத் தெருவுல வீடு புகுந்து திருடியிருக்காங்க. அவனும் ஒண்ணு வாங்கப் போறானாம். அவனுக்கு அஞ்சு வயசுல ஒரு பையன் இருக்கான்.

காந்தி இல்லாம, பூட்டின லாக்கர் படத்தோட வேணா பண்ணித் தரேன்னு சொன்னேன். அதைப் பார்த்து எவன்டா வகுப்புக்கு வருவான்னு சிரிச்சான்.

"நீ வாங்கினா லாக்கர்ல பூட்டித்தானே வெப்ப? பையன் இருக்கான்ல?"

"பூட்டி வெச்சா அவசரத்துக்கு எப்படிடா எடுக்கறது?"ன்னான்.

போஸ்டர் பண்ணலை. ஆனா அன்னிக்கு ராத்திரி ரொம்ப நேரம் தூக்கம் வரலை.