எல்லைத் தமிழுக்குத் தூய்மைச் சான்றிதழ் எதற்கு?

அருமனையிலிருந்தோ குழித்துறையிலிருந்தோ ஒரு பையன் சென்னைக்கு வேலைக்கு வந்து வாடகைக்கு வீடு தேடுகிறான். நாலு வார்த்தை பேசியதுமே வீட்டுக்காரர் கேட்பார்: "தம்பிக்கு ஊர் கேரளாவா?" இல்லை, கன்னியாகுமரி மாவட்டம் என்று சொன்னால், "அதானே, தமிழ் ஒரு மாதிரியா இருக்கே" என்பார். அதே பையனுக்குத் திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்தால் அங்கே அவன் 'பாண்டி'. தமிழ்நாட்டில் பாதி மலையாளி, கேரளத்தில் முழுப் பாண்டி.

இந்த இளக்காரத்துக்குப் பின்னால் படித்தவர்கள் நடுவேயும் ஊறிப்போன ஒரு நம்பிக்கை இருக்கிறது. குமரித் தமிழ் மலையாளம் கலந்து கெட்டுப்போனது. அந்த மண்ணின் கதைகள் 'வட்டார இலக்கியம்' என்ற தனி அலமாரியில் இருக்க வேண்டியவை. பின்னால் சொல்லடைவு இல்லாமல் படிக்க முடியாதவை. இது வெறும் அறியாமை என்றால் விட்டுவிடலாம். ஒரு பெரிய இலக்கிய மரபை ஓரங்கட்டி வைக்கும் அளவுகோலாகவும் இது இருப்பதால் விட முடியவில்லை.

முதலில் வரலாறு. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1ஆம் தேதிதான். அதற்கு முன், இன்று கேரள எல்லையாக இருக்கும் களியக்காவிளையில் எந்த எல்லையும் கிடையாது. வேணாட்டின், பிறகு திருவிதாங்கூரின் தலைநகரமாக இருந்த பத்மநாபபுரம் இன்று தக்கலைக்குப் பக்கத்தில் தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது. அதன் அரண்மனையைப் பராமரிப்பதோ கேரள அரசு. நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு ஆகியவற்றைத் தமிழ்நாட்டுக்குக் கேட்டும் கிடைக்கவில்லை. இங்கே யாரும் எல்லை தாண்டிப் போய் மொழியைக் கெடுத்துக்கொண்டு வரவில்லை. அவரவர் வீட்டுத் திண்ணையில் இருந்தார்கள். கோடுதான் நடுவில் வந்து விழுந்தது.

அந்தக் கோடு இந்தப் பக்கமாக விழ வேண்டும் என்று போராடியது யார்? திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸும் அதை முன்னின்று நடத்திய மார்ஷல் நேசமணியும், அவர்களுக்குப் பின்னால் திரண்ட கல்குளம், விளவங்கோடு ஜனங்களும். 1954 ஆகஸ்ட் 11 அன்று அன்றைய முதல்வர் பட்டம் தாணுபிள்ளை அரசின் போலீஸ் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் சுட்டது. குண்டடி பட்டுச் செத்தவர்கள் பேசியது இன்று சென்னையில் 'மலையாளத் தமிழ்' என்று சிரிக்கப்படுகிற அதே பேச்சைத்தான். தமிழுக்காக உயிர் கொடுத்த நாக்கைப் பார்த்து உன் தமிழ் சரியில்லை என்று சொல்ல ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

இனி இந்த மண்ணின் இலக்கியம். சுந்தர ராமசாமியின் சிறுவயது கோட்டயத்தில் கழிந்தது. பள்ளியில் மலையாளம் படித்த அவர் தமிழ் எழுதப் படிக்கக் கற்றது இளைஞரான பிறகுதான். மலையாள நாவலாசிரியர் தகழியின் 'தோட்டியின் மகன்', 'செம்மீன்' இரண்டையும் தமிழுக்குக் கொண்டுவந்தவர் அவர். 1981இல் தமிழ் நாவலைப் புரட்டிப் போட்ட 'ஜே.ஜே: சில குறிப்புகள்' நாவலின் நாயகனே ஒரு கற்பனை மலையாள எழுத்தாளன். பக்கத்து மொழியில் நின்று தன் மொழியைத் திரும்பிப் பார்க்கிற அந்தக் கோணம் களியக்காவிளைக்குக் கிழக்கே மட்டும் வாழ்ந்த ஒருவருக்கு அத்தனை எளிதில் வாய்த்திருக்குமா?

தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முஹம்மது மீரான் மலையாள வழியில் படித்தவர். தமிழில் எழுதப் பழகியது பின்னால். அவருடைய 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் தமிழும் மலையாளமும் அரபுச் சொல்லும் ஒரே வாயிலிருந்து வரும். எது எந்த மொழி என்று பேசுகிறவருக்குக் கவலையில்லை. 'சாய்வு நாற்காலி'க்கு 1997இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' 1964இலேயே பனையேறிகளின் பேச்சைக் கூச்சமில்லாமல் நாவலுக்குள் கொண்டுவந்தது. நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' இரணியல் செட்டிமார் வீட்டுத் தமிழில் நிற்கிறது. ஜெயமோகன் இரண்டு மொழியிலும் எழுதுகிறார்.

மொழி மட்டுமா கலந்தது? நாஞ்சில் நாட்டு வேளாளரின் சொத்துரிமையே கலந்துதான் கிடந்தது. மகனுக்குப் போக வேண்டியது மருமகனுக்குப் போனது. கவிமணி அதைக் கேலி செய்து 'மருமக்கள்வழி மான்மியம்' பாடினார். 1920களில் திருவிதாங்கூர் சட்டம் போட்டு அந்த வழக்கத்துக்கு முடிவு கட்டியது. எல்லை வாழ்வு இல்லையென்றால் தமிழின் மிகச் சிறந்த அங்கத நூல்களில் ஒன்று எழுதப்பட்டிருக்காது. கலப்பையும் மீறி இவர்கள் எழுதினார்கள் என்று சொல்வது பிழை. கலப்பில்தான் இவர்களுடைய எழுத்து ஊறியது.

குமரித் தமிழுக்கு வக்காலத்து வாங்குகிறவர்களும் ஒரு குழியில் விழுகிறார்கள். 'வெளம்பு', 'ஓர்மை' எல்லாம் பழந்தமிழ்தான், மலையாளமே தமிழிலிருந்து போனதுதான் என்று பட்டியல் போடுகிறார்கள். பட்டியல் சரியாகவே இருக்கட்டும். ஆனால் இது குற்றவாளிக் கூண்டில் ஏறி நின்றுகொண்டு நிரபராதி என்று வாதாடுவது. வேர் பழையது என்று நிரூபித்தால்தான் ஒரு சொல்லுக்கு மரியாதையா? மலையாளத்திலிருந்தே வந்த சொல்லாக இருந்தால்தான் என்ன கெட்டுவிட்டது?

சென்னையில் ஒருவர் "டைம் ஆச்சு, பஸ் மிஸ் ஆயிடும், சீக்கிரம் ரெடியாகு" என்கிறார். அது கலப்படம் என்று அவருக்குத் தோன்றுவதில்லை. களியக்காவிளைச் சந்தையில் பாறசாலையிலிருந்து வந்தவர் "எத்ரயா சேச்சி?" என்று கேட்கிறார். மீன்காரி சாளையை அள்ளிப் போட்டபடி, "நூறுக்கு இருவது எண்ணம், எடுத்துட்டுப் போ மக்களே" என்கிறாள். அவர் மலையாளத்தில் பேரம் பேச, அவள் தமிழில் மறுக்க, வியாபாரம் முடிந்துவிடுகிறது. இரண்டு பேருக்கும் துபாஷி தேவைப்படவில்லை. இரண்டு பேரும் தங்கள் மொழியை விட்டுக்கொடுக்கவும் இல்லை. ஆங்கிலம் கலந்தால் நாகரிகம், மலையாளம் கலந்தால் கறை என்பதில் மொழிப்பற்று எங்கே இருக்கிறது? யார் பெரியவர் என்ற கணக்குதான் இருக்கிறது.

இந்தக் கணக்கு நம்மிடம் மட்டும் உள்ளதல்ல. 1848 ஒப்பந்தத்தில் மெக்சிகோவின் பெரும்பகுதி அமெரிக்காவின் கைக்குப் போனபோது, ஊரைவிட்டு நகராத ஸ்பானிய மொழிக்காரர்கள் வேற்று நாட்டுக்காரர் ஆனார்கள். அவர்கள் வழிவந்த டெக்சாஸ் எழுத்தாளர் குளோரியா அன்சால்டுவாவின் பேச்சு ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கும் பிடிக்கவில்லை, தூய ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்கும் பிடிக்கவில்லை. பள்ளியில் ஸ்பானிஷ் பேசியதற்கு அடி வாங்கிய அவர் 1987இல் எழுதிய நூலில் இரண்டு மொழியையும் கலந்தே எழுதினார். எல்லா இடத்திலும் மொழிபெயர்ப்பும் தரவில்லை. இன்று அந்நூல் எல்லை இலக்கியத்துக்கு முதல் பாடம். அந்த எல்லையான ரியோ கிராண்டே ஆற்றில் பிணம் மிதக்கிறது, துப்பாக்கியோடு காவல் நிற்கிறது. நம் எல்லையில் கேரள அரசுப் பேருந்து தாராளமாக வந்துபோகிறது. துன்பத்தில் இரண்டும் ஒன்றல்ல. ஆனால் இரண்டு பக்கமும் 'நீ எங்கள் ஆள் இல்லை' என்று சொல்லும்போது பேச்சையே வீடாக்கிக்கொண்டு எழுதுகிற பிடிவாதம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

சென்னையை மட்டும் குறை சொன்னால் நியாயமாகாது. நாஞ்சில் நாடு என்பது தோவாளையும் அகஸ்தீஸ்வரமும்தான். அங்கே நெல்வயல்காரர்களான நாங்கள் கல்குளத்தையும் விளவங்கோட்டையும் அந்தப் பெயருக்குள் அடக்கிப் பெருமை பேசுவோம். விளவங்கோட்டுக்காரன் 'சொல்லு' என்பதற்கு "பறை" என்றால் வாயைப் பொத்திச் சிரிப்போம். சென்னை எங்களுக்குச் செய்வதை நாங்கள் மேற்கே செய்கிறோம். தூய்மை என்ற படிக்கட்டில் ஒவ்வொருவருக்கும் மிதிக்க ஒரு கீழ்ப்படி வேண்டியிருக்கிறது.

அப்படியென்றால் பொதுத் தமிழ் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். செய்திக்கும் பாடநூலுக்கும் அரசாணைக்கும் பொதுத் தமிழ்தான் சரி, அதில் தகராறு இல்லை. புரியவில்லை என்கிற புகார்தான் போலியானது. கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டார வழக்குக்கு ஒரு சொல்லகராதியே தொகுத்தார். தெலுங்கு கலந்த கரிசல் பேச்சைத் தமிழ் வாசகர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். கரிசலுக்குக் கொடுத்த பொறுமை குமரிக்கு மட்டும் ஏன் தீர்ந்துபோகிறது? நாலு பக்கம் தாண்டினால் எந்தப் பேச்சும் காதுக்குப் பழகிவிடும்.

ஆகவே விமர்சகர்கள் 'வட்டார' என்ற அடைமொழியைக் குமரி நாவல்களிலிருந்து எடுத்துவிடட்டும்; இல்லையென்றால் தஞ்சாவூர் நாவலுக்கும் சென்னை நாவலுக்கும் அதையே மாட்டட்டும். விளவங்கோட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை தன் வீட்டுப் பேச்சில் கதை எழுதிக் கொண்டுவந்தால், சிவப்பு மையை எடுக்கும் முன் வாத்தியார் 'புத்தம் வீடு' படித்திருக்கிறாரா என்று யாராவது கேட்கட்டும். இதற்குப் பிறகும் இந்தத் தமிழ் தமிழா என்று கேட்கிறவர்கள், தமிழ் நாவலிலிருந்து குமரி மாவட்டத்தைக் கழித்துவிட்டு மிச்சம் எவ்வளவு என்று கணக்குக் காட்டட்டும்.