கனெக்ட் - கதவு திறக்காத பயம்

'காஞ்சனா' (2011) ஓடினதுலேர்ந்து நம்ம ஊர்ல பேய்ப்படம்னாலே காமெடின்னு ஆயிடுச்சு. அஸ்வின் சரவணனோட 'கனெக்ட்' (2022) அப்படியில்லை. இடைவேளையே இல்லாத 99 நிமிஷம். ஊரடங்கு நேரம், டாக்டர் அப்பா கொரோனாவுல போயிட்டார். அவரோட ஆவிகிட்ட பேசப் போய், பொண்ணுக்குள்ள வேற ஏதோ புகுந்துடுது. இருட்டு வீட்ல நயன்தாரா தனியா. அவங்க அப்பா சத்யராஜ் வீடியோ கால்ல பார்க்கத்தான் முடியும், வர முடியாது. பேயோட்டுற ஃபாதர் அனுபம் கேரும் திரைக்குள்ளதான்!

என்னைக் கேட்டா பயமே அதுதான். எங்க ஆரணியில தறி இருக்குற வீட்ல ராத்திரி கரண்ட் போனா, "அசையாதே, இழை அறுந்துடும்"னு நாலு குரல் வரும். பக்கத்து வீட்டு ஆயா டார்ச்சோட வந்துடும். பேய்க்கு ஏது இடம்? :-) 2020-ல அதே தெருவுல ஒரு சாவு விழுந்தப்போ, செல்ஃபோன்லதான் அழுதோம்.

கடைசி பேயோட்டலும் அந்த இரைச்சலும் எனக்கு ஓவர். சத்யராஜ் கையாலாகாம முழிக்கிற இடமே போதும்.