தொண்டுக்கு ஓர் ஆண்டு

பள்ளியிறுதித் தேர்வு முடிந்ததும் நம் இல்லங்களில் எழும் கேள்வி ஒன்றே: எந்தக் கல்லூரி? கல்லூரிக்கு முன் ஓராண்டு பொதுத் தொண்டு செய்கிறேன் என்று மகனோ மகளோ கூறினால், "ஒரு வருஷம் பாழாகுமே!" என்று பதறுகிறோம்.

இது புதிய எண்ணமன்று. 1959-ஆம் ஆண்டில் மத்திய அரசு, சி. டி. தேஷ்முக் அவர்களின் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. உயர்நிலைக் கல்வி முடித்துக் கல்லூரி புக விரும்பும் மாணவர்கள் ஏறத்தாழ ஓராண்டு தேசியத் தொண்டு ஆற்றுவதைக் கட்டாயமாக்கலாம் என அக்குழு பரிந்துரைத்தது. பொருட்செலவும் நடைமுறை இடர்களும் குறுக்கிட்டன. யோசனை ஏட்டோடு நின்றது. படிப்போடு தொண்டையும் இணைக்கலாம் என்று கோத்தாரி கல்விக் குழு பின்னர் கூறிற்று. காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-இல், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. அதன் விதிப்படி ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி. ஈராண்டில் 240 மணி. அத்துடன் ஏழு நாள் சிறப்பு முகாம். ஓராண்டாக எண்ணப்பட்டது, மணிக்கணக்காகச் சுருங்கிவிட்டது.

அரசு கட்டாயமாக்காத அவ்வாண்டைக் குடும்பம் மனமுவந்து அளிக்கலாம். நமக்கு இதில் தனிக் கடமையும் உண்டு. பிழைப்பை நாடி வந்தவர்கள் நாம். வந்த மாநிலத்தில் நம் பிள்ளைகள் அறிந்தவை வீடு, பள்ளி, தனிப்பயிற்சி வகுப்பு, சங்க விழா ஆகியவையே. இம்மண்ணின் உப்பை உண்கிறோம். நகர எல்லைக்கு அப்பாலுள்ள கிராமத்தை அறியோம். அங்கே ஓராண்டு எழுத்தறிவித்தும், முதியோருக்கு மனு எழுதிக் கொடுத்தும், சுகாதாரப் பணிக்கு உதவியும் வாழ்ந்த பிள்ளை, அம்மக்களின் மொழியையும் துயரையும் ஒருங்கே கற்பான். பெண்மக்களுக்கும் இது பொருந்தும்.

ஆயினும் யோசித்தே இறங்க வேண்டும். பொறுப்புள்ள பெரியவர்கள் நடத்தும் நிலையத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். உணவு, உறைவிடம், வேலை நேரம் ஆகியவற்றை எழுத்தில் பெற வேண்டும். ஓராண்டு தாமதித்தால் கல்லூரிச் சேர்க்கைக்கும் உதவித்தொகைக்கும் தடை வருமா என்பதை முன்னரே விசாரிப்பது அவசியம். பிள்ளையின் சம்பாத்தியத்தை விரைவில் எதிர்நோக்கும் இல்லங்களை நாம் வற்புறுத்தோம். அப்பிள்ளைகள் கல்லூரியில் நலப்பணித் திட்டத்திலேனும் சேரட்டும்.

வசதியுள்ள அன்பர்கள், கல்லூரி விண்ணப்பத்தை நிரப்புமுன் ஒரு நாள் மாலை பிள்ளைகளுடன் அமர்ந்து இதைப் பற்றிப் பேசுமாறு வேண்டுகிறோம்.