கடைசி ஓவர்காரர் எழுந்து வந்த கதை



பள்ளிக்கூடத்தால் வந்த பிள்ளை பேஸ்போல் பார்க்க வேண்டும் என்று தொலைக்காட்சியைப் பிடித்துக்கொள்ள, பக்கத்தில் இருந்து ஒன்றும் விளங்காமல் விழிக்கும் அப்பாமாரும் அம்மாமாரும் நம்மிடையே அநேகர். கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இந்த ஆட்டம் அவ்வளவு தூரமானதல்ல. இந்த முறை விதிகளை விட்டுவிட்டு ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் மரியானோ றிவேரா.

முதலில் அவருடைய தொழில் என்ன என்று பார்ப்போம். பேஸ்போலில் ஆட்டத்தைத் தொடங்கும் பந்து வீச்சாளர் கடைசி வரை வீசுவது அபூர்வம். கை களைத்ததும் இன்னொருவர் வருவார், பிறகு வேறொருவர். ஒரு முறை வெளியே போனவர் அந்த ஆட்டத்தில் திரும்ப வர முடியாது. ஒன்பதாவது சுற்றில் தன் பக்கம் இரண்டு மூன்று ஓட்டங்கள் மட்டுமே முந்தி நிற்கும்போது, கடைசி மூன்று பேரை ஆட்டமிழக்கச் செய்வதற்கென்றே ஒருவரை வைத்திருப்பார்கள். அவர் அதைச் சரியாக முடித்துக் கொடுத்தால் அவர் கணக்கில் ஒரு 'சேவ்' எழுதப்படும். நம்ம பாஷையில் சொன்னால் கடைசி ஓவர்காரர். வென்றால் பத்து நிமிட வேலை. தோற்றாலோ முழு அணியின் மூன்று மணி நேர உழைப்பும் அவர் தலையில் விழும்.

றிவேரா பனாமா நாட்டில் புவெர்ட்டோ கைமிற்றோ என்ற மீன்பிடிக் கிராமத்துப் பிள்ளை. தகப்பன் மீன்பிடி வள்ளத்தில் கப்டன்; மகனும் அந்த வள்ளத்தில் வேலை செய்தவர். பால் பெட்டி மட்டையை மடித்துக் கையுறை, மரக்கொம்பு துடுப்பு, பழைய வலையைச் சுருட்டிக் கட்டினால் பந்து. தென்னை மட்டையில் துடுப்பு வெட்டி விளையாடிய நம்மவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1990இல் நியூயோர்க் யாங்கீஸ் அணி சில ஆயிரம் டொலருக்கு அவரை ஒப்பந்தம் செய்து புளோரிடாவின் ரம்பா நகருக்கு அனுப்பியது. வயது 20. ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. 1992இல் முழங்கையில் சத்திரசிகிச்சை. அதையும் தாண்டி 1995இல் பெரிய அணிக்கு வந்தார். 1997 முதல் கடைசிச் சுற்று அவருடையதாயிற்று. அவர் நம்பியிருந்தது பெரும்பாலும் ஒரே ஒரு பந்தைத்தான்: நேராக வருவதுபோல் வந்து கடைசி நேரத்தில் விலகும் வேகப்பந்து. என்ன வரப்போகிறது என்று எதிரணிக்குத் தெரியும், தெரிந்தும் அடிக்க முடியாது. 2011 செப்ரெம்பரில் 602ஆவது சேவுடன் எல்லோரையும் முந்தினார்.

2012 மே 3ஆம் திகதி, கன்சாஸ் சிற்றி. ஆட்டத்துக்கு முன் மற்றவர்கள் அடித்துப் பழகும்போது உயரப் போகும் பந்துகளை ஓடிப் பிடிப்பது றிவேராவின் பல வருடப் பழக்கம். அன்று பின்சுவர் ஓரத்தில் ஒரு பந்துக்காகத் துள்ளியபோது வலது முழங்கால் மடங்கி விழுந்தார். சிறிய வண்டியில் ஏற்றித்தான் கொண்டு போனார்கள். அப்போது வயது 42. அந்த ஆண்டோடு ஓய்வு பெறப்போகிறார் என்ற பேச்சும் இருந்தது. அன்றிரவு திரும்ப விளையாடுவேனா தெரியாது என்று கண்கலங்கியவர், மறுநாளே வருவேன் என்று சொல்லிவிட்டார்.

அறுந்தது தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் உள்ளே பிணைத்து வைத்திருக்கும் நார். டொக்டர்மார் ஏ.சி.எல். என்பார்கள். முற்றாக அறுந்தால் அது பெரும்பாலும் தானாக ஒட்டாது. வேறொரு நாரை எடுத்து, எலும்பில் துளையிட்டுப் பொருத்த வேண்டும். வலக்கைக்காரர் வீசும்போது உந்தித் தள்ளுவது வலது காலால் என்பதையும் நினைவில் வையுங்கள். போதாததற்குக் கெண்டைக்காலில் இரத்தக்கட்டி கண்டுபிடித்தார்கள். அதற்கு மருந்து கொடுத்த பிறகே, ஜூனில் சத்திரசிகிச்சை நடந்தது.

தொழிற்சாலையில் முழங்காலை அடிபடுத்திக்கொண்டு வீட்டில் இருக்கும் நம்மவர் சிலருக்கு இதற்குப் பிறகு வருவது தெரிந்திருக்கும். சத்திரசிகிச்சை ஒரு நாள் அலுவல். மாதக்கணக்கில் எடுப்பது பயிற்சிதான். முதலில் காலை நீட்டவும் மடக்கவும் பழக வேண்டும். சில கிழமைக்குள்ளேயே தொடைத் தசை வற்றிவிடும், அதைத் திரும்ப வளர்க்க வேண்டும். பிறகு நடை, பிறகு ஓட்டம். வலி குறைந்துவிட்டது, இனி எதற்கு என்று பயிற்சிக்குப் போகாமல் விடுகிறவர்கள் நம்மில் உண்டு. அது பிழை என்றே நான் சொல்வேன். பொருத்திய நார் எலும்போடு சேர்ந்து உறுதியாவதற்கு வலி போன பிறகும் மாதங்கள் ஆகும்.

2013 மார்ச்சில், 23 வருடத்துக்கு முன் வந்திறங்கிய அதே ரம்பாவில், இந்த ஆண்டோடு முடிக்கிறேன் என்று அறிவித்தார். ஏப்ரல் 4ஆம் திகதி பொஸ்ரன் அணிக்கு எதிராக முதல் சேவ். 43 வயதில், அந்தக் காலோடு.

எல்லாம் சுகமாக நடக்கவில்லை. ஓகஸ்டில் தொடர்ந்து மூன்று தடவை முன்னிலையைக் காப்பாற்றத் தவறினார். அவருடைய விளையாட்டு வாழ்க்கையில் அப்படி ஒருபோதும் நடந்ததில்லை. கால் போய்விட்டது, வயது போய்விட்டது என்று சொல்ல இதைவிட நல்ல தருணம் கிடைக்காது. ஆனால் ஆண்டு முடிவில் அவர் கணக்கில் 44 சேவ்கள், மொத்தம் 652.

எனக்குப் பிடித்தது வேறொன்று. அந்தக் கடைசி ஆண்டில் போன ஊர்களிலெல்லாம் மைதானத்தில் பின்னால் நின்று வேலை செய்பவர்களை, நுழைவுச்சீட்டுக் கிழிப்பவர், சமையல்காரர் போன்றவர்களை, அழைத்து உட்கார்ந்து பேசினார். மினசோட்டா அணி அவருக்கு உடைந்த துடுப்புகளால் செய்த ஆடுநாற்காலி கொடுத்தது. அவர் பந்தில் உடைந்த துடுப்புகள் எத்தனையோ, அதுதான் பகிடி!

செப்ரெம்பர் 26ஆம் திகதி நியூயோர்க்கில் கடைசி ஆட்டம். யாங்கீஸ் தோற்றுக்கொண்டிருந்தது, காப்பாற்ற எதுவும் இல்லை. நான்கு பேரை எதிர்கொண்டு நால்வரையும் ஆட்டமிழக்கச் செய்தார். இன்னும் ஒருவர் மிச்சம் இருக்க, வழக்கமாகப் பயிற்சியாளர் வந்து பந்தை வாங்கும் இடத்தில், நெடுங்காலத் தோழர்கள் அன்டி பெற்றிற்றும் டெரெக் ஜீற்றரும் நடந்து வந்தார்கள். அவர் பெற்றிற்றின் தோளில் முகம் புதைத்து அழுதார். 2019இல் வாக்களித்த 425 பேரும் அவருக்கே வாக்களிக்க, புகழ்மண்டபத்துக்கு ஒருமனதாகத் தெரிவான முதல் வீரரானார்.

அவர் சட்டையில் இருந்த இலக்கம் 42. அது 1997இல் ஜக்கி றொபின்சனின் நினைவாக எல்லா அணிகளிலும் நிறுத்தி வைக்கப்பட்டது. அப்போது அணிந்திருந்தவர்கள் மட்டும் தொடரலாம் என்றார்கள், அவர்களில் கடைசியாள் றிவேரா. இப்போது ஏப்ரல் 15ஆம் திகதி மட்டும் எல்லா வீரரும் 42 போட்டு வருவார்கள். ஏன் என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? றொபின்சன் கதை அடுத்த இதழில்.