கார் ஸ்டார்ட் ஆனால் போதுமா?

2024 அக்டோபர் மத்தியில் கனமழை எச்சரிக்கை வந்ததும் சென்னையின் வேளச்சேரிக்காரர்கள் செய்த முதல் வேலை, காரை மேம்பாலத்தில் ஏற்றி வரிசையாக நிறுத்தியதுதான். அபராதம் போடுகிறார்கள் என்று பேச்சு கிளம்ப, போலீஸ் அதை மறுத்தது. கிண்டல் செய்தவர்களும் உண்டு. ஆனால் முந்தைய ஆண்டு டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணைக் குடியிருப்பு ஒன்றில் கார்கள் மிதந்துபோன காணொளியைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்காது.

அதே சென்னையில் அபிராமபுரத்தின் கதை கொஞ்சம் வேறு. இங்கே கார் மிதப்பது அபூர்வம், நனைவதுதான் வழக்கம். டிடிகே சாலை, சி.பி. ராமசாமி சாலை, பக்கத்துச் சீத்தம்மாள் காலனி எல்லாம் பெருமழை நாட்களில் செய்தியில் அடிபடும் பெயர்கள். 2021 நவம்பர் 6 இரவு தொடங்கி மறுநாள் காலைக்குள் நுங்கம்பாக்கத்தில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அதே ஆண்டு டிசம்பர் 30 மழையோ வானிலை மையமே எதிர்பாராதது. ஜனங்கள் சாலையில் இருக்கும்போதே பிடித்துக்கொண்டது. அடுக்குமாடிகளின் தரைத்தள பார்க்கிங்கில் முழங்கால் அளவு தண்ணீர் ஓர் இரவு நிற்கும், காலையில் வடிந்துவிடும். சேற்றைக் கழுவி, மேட்டைக் காயப்போட்டு, சாவியைத் திருகினால் வண்டி கிளம்பியும்விடும். உரிமையாளருக்கு நிம்மதி, சர்வீஸ் சென்டருக்கு ஒரு வேலை முடிந்தது, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு ஃபைல் மூடியாயிற்று.

மூவருமே அவசரப்படுகிறார்கள்.

இன்றைய காரில் முழங்கால் அளவுத் தண்ணீர் சின்ன விஷயமல்ல. ஏர்பேக்கை இயக்கும் பெட்டி பல மாடல்களில் கியர் லீவருக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக இருக்கிறது. சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கப்ளர்கள். கார்பெட்டுக்குக் கீழே முன்னிருந்து பின்வரை ஓடும் வயரிங். கதவு லாக், விளக்கு, வைப்பர் எல்லாவற்றையும் ஆளும் கட்டுப்பாட்டுப் பெட்டி டிரைவரின் கால் பக்கம், டேஷ்போர்டுக்கு அடியில். கார்பெட்டின் அடிப்பகுதியில் உள்ள ஃபோம் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மேலே கைவைத்தால் காய்ந்துவிட்டதுபோல ஏமாற்றும்.

வெறும் ஈரத்தைவிட மோசமானது, ஈரமும் கரண்டும் சேர்வது. சென்னையின் வெள்ளம் மழைநீர் மட்டுமல்ல. சாக்கடையும் உப்பும் கலந்தது, கரண்டை நன்றாகவே கடத்தும். கார் அணைந்திருந்தாலும் சில வயர்களுக்கு பேட்டரியின் 12 வோல்ட் எப்போதும் போய்க்கொண்டேயிருக்கும். நனைந்த கப்ளருக்குள் அந்தக் கரண்ட் பின்களை அரித்துத் தின்னும். செம்பின் மேல் பச்சைக் களிம்பு பூக்கும். இழை இழையான வயருக்குள் தண்ணீர் ஏறி, உறைக்குள்ளேயே நகர்ந்து, வெள்ளம் தொடாத இடத்துக்கும் போய்ச் சேரும். அதனால்தான் விஷயம் தெரிந்த எலக்ட்ரீஷியன் முதலில் சொல்வது: சாவியைத் தொடாதே, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்று. என்ஜின் தண்ணீரைக் குடித்திருந்தால் ஒரு முறை செல்ப் அடித்தாலே கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். எலக்ட்ரிக்கல் சேதமோ சத்தமே போடாமல் நடக்கும்.

டிசம்பரில் நனைந்த கார் மார்ச்சில் நோய் காட்டும். இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் மினுக்கும். நடுராத்திரியில் ஹாரன் தானாக அலறும். ஏபிஎஸ் விளக்கும் ஏர்பேக் விளக்கும் ஒன்றாக எரியும். ஸ்கேனரைச் செருகினால் பத்துப் பன்னிரண்டு பிழைக் குறியீடுகள் வந்து விழும். அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு 'ஈசிஎம் போயிடுச்சு சார்' என்று சொல்வது சுலபம். என்ஜினை ஆளும் அந்தப் பெட்டியைப் புதிதாகப் போட எஸ்டிமேட் பல பத்தாயிரங்களில் வரும். உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையில் பழையது கிடைக்கலாம். ஆனால் சாவியோடு பேசும் இம்மொபிலைசர் உள்ள வண்டிகளில் இன்னொரு காரின் பெட்டியை மாட்டியதும் அது ஓடிவிடாது, கோடிங் வேண்டும்.

பெட்டி உண்மையிலேயே செத்திருக்கலாம். ஆனால் சந்தேகத்தை முதலில் எர்த் மேல் வைப்பதே முறை. பாடியில் போல்ட் போட்டு இறுக்கிய எர்த் முனை துருப்பிடித்தால், திரும்பிப் போக வழியில்லாத கரண்ட் வேறு வயர் வழியாகப் போகும். விளக்குகள் பேய் பிடித்ததுபோல ஆடுவது பெரும்பாலும் அதனால்தான். விளக்கெல்லாம் போட்டுவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை எர்த் முனையிலும் வைத்தால், 0.1, 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். செலவு சொற்பம், நேரம் அதிகம். கப்ளர் ஒவ்வொன்றையும் திறந்து, கான்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவைப்பதும் அப்படித்தான். பெட்டி மாற்றுவதற்குப் பில் போட முடிகிறது. இரண்டு நாள் வயர் தேடியதற்குப் பில் போட்டால் வாடிக்கையாளர் முறைக்கிறார். பெட்டியை மாற்றிவிடும் இந்தப் பழக்கத்தில் நமக்கும் பங்குண்டு. பியூஸ் அடிக்கடி போகிறதென்று 10 ஆம்பியர் இருந்த இடத்தில் 20 ஆம்பியரைச் செருகுபவரிடம் மட்டும் வண்டியை விடவே கூடாது. பியூஸுக்குப் பதில் வயர் எரியும்.

இன்சூரன்ஸ் விஷயம்தான் எல்லாவற்றிலும் சிக்கல். வெள்ளச் சேதத்துக்கு வழக்கமான முழு பாலிசியில் கவர் உண்டு. அதே பாலிசியின் விலக்குப் பட்டியலில் தேய்மானம், மெக்கானிக்கல் அல்லது எலக்ட்ரிக்கல் பழுது ஆகியவையும் உண்டு. டிசம்பரில் பெட்டி செத்தால் அது வெள்ளம். அதே தண்ணீரால் மார்ச்சில் செத்தால் 'எலக்ட்ரிக்கல் பழுது' என்று கைவிரிக்க வழியிருக்கிறது. தண்ணீர் வடிந்து வண்டி கிளம்பிய நாளோடு சேதம் முடிந்துவிட்டது என்ற கணக்கு, கார்புரேட்டர் காலத்துக் காருக்கு ஓரளவு பொருந்தியிருக்கும். இன்றைக்குப் பொருந்தாது.

ஆகவே மாற வேண்டியது நடைமுறை. சர்வேயர் வரும் முதல் நாளே தண்ணீர் நின்ற உயரம் படத்தோடு பதிவாக வேண்டும். எந்தக் கப்ளர் திறக்கப்பட்டது, எந்த எர்த் சுத்தம் செய்யப்பட்டது என்று, ஆஸ்பத்திரி கேஸ் ஷீட் போல, சர்வீஸ் சென்டர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மூன்று மாதம் கழித்து, அதே க்ளெய்மின் கீழ், இலவசமாக இன்னொரு பரிசோதனை. ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ நினைத்தால் இதைக் கட்டாயமாக்கலாம். அதுவரை உரிமையாளரே அந்தப் படங்களை எடுத்து வைத்து, வேலை விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. க்ளெய்ம் மறுக்கப்பட்டால், கம்பெனியிடம் முறையிட்டும் பலனில்லாதபோது இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் புகார் செய்யலாம். அலுவலகம் தூரமில்லை, தேனாம்பேட்டையில்தான்.

சர்வீஸ் சென்டர் எழுதித் தரும் அந்தக் காகிதம், வண்டி கைமாறும்போது அதோடு போகவும் வேண்டும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு முழு நஷ்டம் என்று எழுதப்பட்ட கார்கள் ஏலம் போய், பழுது பார்க்கப்பட்டு, மறுபடி சாலைக்கு வந்தன. அமெரிக்காவின் பல மாநிலங்களில் அப்படிப்பட்ட காரின் உரிமைப் பத்திரத்திலேயே வெள்ளம் பட்டது என்று முத்திரை விழும். நம் ஆர்சி புத்தகத்தில் அதற்கு இடமில்லை; அந்த ஒரு வரியைச் சேர்ப்பது போக்குவரத்துத் துறைக்குப் பெரிய காரியமுமல்ல. இப்போதைக்கு செகண்ட் ஹேண்ட் வாங்குபவர் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக் கறை தேட வேண்டும், சீட் போல்ட்டில் துரு இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும், டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு கப்ளரையாவது எலக்ட்ரீஷியனை விட்டுத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். விற்பவர் அதற்கு மறுத்தால் வேறு வண்டி பார்க்கலாம்.