ஸ்மார்ட் போர்டுக்கு முதல் பிளக் பொயிண்ட்



கொஞ்சம் நீளமான பதிவு. பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்பும் வாப்பா, உம்மாமாரும் பழைய மாணவர் சங்கத்து நண்பர்களும் பொறுமையாக வாசித்தால் சந்தோஷம்.

வெளிநாட்டில் இருக்கும் நம்மூர்ச் சகோதரர்கள் சிலர் போன மாதம் கேட்டார்கள்: "சேர், ஸ்கூலுக்கு இன்னொரு ஸ்மார்ட் போர்ட் எடுத்துத் தரட்டா?" நல்ல மனம். ஆனாலும் உடனே ஓம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதலாவது ஸ்மார்ட் போர்ட் வந்த நாள் எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். ரிப்பன் வெட்டினோம், போட்டோ எடுத்தோம். பிறகு பாதுகாப்புக்காக அந்த அறைக்குப் பூட்டுப் போட்டோம். அப்போது ஒரு பாடவேளை 40 நிமிடம். திறப்பை அலுவலகத்தில் வாங்கி, பிள்ளைகளை வரிசையில் கூட்டிப்போய் இருத்தி, போர்டை இயக்கி முடிக்கும்போது கால் மணித்தியாலம் போய்விடும். இரண்டு தரம் முயற்சி செய்த ஆசிரியர் மூன்றாம் தரம் சோக்கை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போவார். நானும் அப்படித்தான் போனேன். ஒருநாள் கரண்ட் போய் வந்ததோடு போர்டும் நின்றுவிட்டது. வாங்கித் தர ஆள் இருந்தது, திருத்தித் தர இல்லை. இப்போது அதற்கு மேல் துணி போர்த்தியிருக்கிறது.

இதனால் நான் தொழில்நுட்பத்துக்கு எதிரானவன் என்று நினைக்க வேண்டாம். கணிதம் படிப்பிக்கிறேன். தரம் 9இல் நேர்கோட்டு வரைபு வரும்போது அட்டவணை போட்டு, புள்ளி குறித்து, கோடு கீறி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். ஒரு பாடவேளைக்கு ஒரு கோடு. படித்திறன் மாறினால் கோட்டுக்கு என்ன நடக்கும் என்பதைப் பிள்ளை கண்ணால் காண்பதில்லை, மனனம்தான் செய்கிறது.

இந்த வருடம் என்னுடைய பழைய லெப்டொப்பில் ஜியோஜிப்ராவைப் போட்டுக்கொண்டு போனேன். இலவச மென்பொருள், ஒருமுறை இறக்கிவிட்டால் இன்டர்நெட்டும் தேவையில்லை. புரொஜெக்டர் இரவல். திரையில் ஒரு புள்ளியை மௌஸால் இழுக்க இழுக்கப் படித்திறன் கூடும், கோடு நிமிரும். மறைப் பெறுமானத்துக்குப் போனதும் பின்வாங்கில் இருந்து ஒரு குரல்: "சேர், கோடு மற்றப் பக்கம் சரியுது!" வழமையாக வாயே திறக்காத பையன். பத்து நிமிடத்தில் லெப்டொப்பை மூடிவிட்டு வரைபுத்தாளில் கீறச் சொன்னேன். பரீட்சை தாளில்தானே.

எப்போது மூட வேண்டும் என்பதுதான் கஷ்டம். கலாசாலையில் எங்களுக்கு பவர்பொயிண்ட் செய்யப் பழக்கினார்கள், அதை நிறுத்தப் பழக்கவில்லை.

இனி என் பிழை ஒன்று. வகுப்பு வட்ஸ்அப் குழுவில் இரவில் பயிற்சி போட்டுவிட்டு, காலையில் கொப்பி கேட்பது என் வழக்கமாக இருந்தது. ஒரு பிள்ளை தொடர்ந்து செய்யாமல் வந்தாள். எல்லோருக்கும் முன்னால் ஏசி, எழும்பி நிற்க வைத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு அவளுடைய தோழிதான் சொன்னாள்: வீட்டில் இருப்பது ஒரே போன். வாப்பா திரீவீல் ஓட்டுகிறார், ஹயர் அந்தப் போனுக்குத்தான் வரும். அவர் வீடு வர இரவு பத்து, பதினொன்று ஆகும். அடுத்த நாள் வகுப்பிலேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஏசியது எல்லோருக்கும் முன்னாலென்றால் மன்னிப்பும் அங்கேதான்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோது இதே பாடத்தைத்தானே படித்தோம். சூமில் வந்த முகங்களை எண்ணினோம், வராத பிள்ளைகளை எண்ணவில்லை. 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாளையும் கண்டோம். பாடசாலை திறந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

இப்போது பயிற்சியைக் கரும்பலகையில் எழுதாமல் குழுவில் போடுவதில்லை. பெற்றோரிடமும் ஒன்று: "சேர் கேட்கிறார்" என்று பிள்ளை சொன்னதற்காகக் கடன்பட்டுப் போன் வாங்க வேண்டாம். நான் கேட்கவில்லை.

உதவ நினைப்பவர்களுக்கு என் பட்டியல் கொஞ்சம் அழகில்லாதது. வகுப்பறைக்கு இரண்டு பிளக் பொயிண்ட். யன்னலுக்குத் தடித்த திரைச்சீலை, நம்மூர் வெயிலில் புரொஜெக்டர் போட்டால் சுவர்தான் தெரியும். வகுப்புக்கு வகுப்பு தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஒரு புரொஜெக்டர். ஆசிரியர்கள் எடுத்துப் பாவிக்க இரண்டு லெப்டொப். எல்லாவற்றுக்கும் மேலாக, திருத்த வேலைக்கென்று வருடா வருடம் ஒரு தொகை.

அந்தச் சகோதரர்களுக்கும் இதையே அனுப்பினேன். ஒருவர் கேட்டார்: "சேர், பிளக் பொயிண்டுக்கு முன்னால நின்று எப்படிப் போட்டோ எடுக்கிற?" பகிடிக்குத்தான். அடுத்த நாளே எலக்ட்ரிஷன் ஒருவரை அனுப்பி வைத்தார். ஆறு வகுப்பறையும் அளந்தாயிற்று. மதிப்பீடு திங்கட்கிழமை அதிபர் ஊடாகப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்குப் போகிறது. திரைச்சீலை தைத்துத் தரக்கூடிய உம்மாமார் யாராவது இருந்தால் சொல்லுங்கள், யன்னல் அளவு என்னிடம் இருக்கிறது.