கயிற்றுப் பேனா

பி.காம். முடித்து நான் சேர்ந்த முதல் ஆபீஸில் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்தர் பக்கத்தில் ஒரு பேனா கயிற்றில் தொங்கும். அறுபது பேருக்கும் அது ஒன்றுதான். ஒருவர் யோசனையாகக் கடிப்பார். இன்னொருவர் காது குடைவார். யாருக்காவது மெட்ராஸ் ஐ வந்தால் போச்சு, ஒரே வாரத்தில் அக்கவுண்ட்ஸ் செக்ஷன் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி!

அமெரிக்கக் காட்டில் வெள்ளைவால் மான்களுக்கும் இப்படி ஒரு ரிஜிஸ்தர் உண்டு. ஜோடி சேரும் சீஸனில் ஆண் மான் தாழ்வான ஒரு கிளையை நக்கும், கடிக்கும், நெற்றியைத் தேய்க்கும். கீழே மண்ணைக் குளம்பால் கிளறி மூத்திரம் பெய்துவிட்டுப் போய்விடும். அடுத்த மான் வரும். மோந்து பார்க்கும். தானும் நக்கி 'கையெழுத்து' போடும். நேரில் சந்திக்கவே வேண்டாம்.

வினையே அங்கேதான். க்ரானிக் வேஸ்டிங் டிசீஸ் என்று ஒரு வியாதி. 1967-ல் கொலராடோவில் தலைகாட்டியது. பாக்டீரியாவும் இல்லை, வைரஸும் இல்லை. கோணலாக மடங்கிய ஒரு புரதம். ப்ரியான் என்று பேர். எச்சிலில் வரும், மூத்திரத்தில் வரும், மண்ணில் வருஷக்கணக்காகக் கிடக்கும். ஒட்டிய மான் ஒரு வருஷத்துக்கு மேல்கூட மொழுமொழுவென்று ஊர் சுற்றும். அப்புறம் எலும்பு துருத்தி, எச்சில் வடிந்து, சாவு. மருந்து கிடையாது. (மனிதனுக்கு வந்ததாக இதுவரை நிரூபணமில்லை. ஆனாலும் அந்தக் கறியைச் சாப்பிடாதே என்கிறார்கள்.)

பெட்டைகள் அம்மா, மகள், பேத்தி என்று கூட்டுக் குடும்பம். வந்தால் வீட்டோடு வரும். அப்படியானால் தனிக்கட்டை ஆண்கள் தப்பிக்க வேண்டுமே? விஸ்கான்சினில் 2002-ல் வியாதி தெரிந்த பிறகு எண்ணிப் பார்த்தால், வளர்ந்த ஆண்களிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு! ஊர் சுற்றுவதும் அந்தக் கிளையும் காரணமாக இருக்கலாமாம். பேச்சுலர் நண்பர்கள் கவனிக்க.

2016-ல் நார்வேயிலும் வந்தது. நோர்ட்ஃபியெல்லா மலையில், காட்டு ரெயின்டீர் மந்தையில். செம்மறி ஆடுகளுக்கு வைத்த உப்புக்கட்டியை அவையும் கூடி நக்கும். எதற்கு வந்திருக்கிறது என்று பார்த்தால் தெரியாதே! அதனால் 2018-க்குள் மந்தை முழுவதையும், சுமார் இரண்டாயிரம், சுட்டுவிட்டார்கள். சோதித்ததில் வியாதி இருந்தது 19-க்கு. எத்தனை தடவை கூட்டிக் கழித்தாலும் எனக்கு டாலி ஆகவில்லை. சுடாமல் விட்டிருந்தால் என்று யோசித்தால், அதுவும் ஆகவில்லை. 2020-ல் பக்கத்து ஹார்டாங்கர்விட்டா மலையில் இன்னொரு ரெயின்டீருக்கு.

எங்கள் ஆபீஸிலும் ஒருநாள் பேனாவை மாற்றினார்கள். கயிறு பழசுதான். மத்தியானத்துக்குள் புதுப் பேனா மூடியில் பல் தடம்.